நாடகம் போட்டால் பிள்ளை எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுமா?

ஜூன் 16, ஓமலூர் வாசகர் ஒருவரின் கேள்வி

"என் மகளுக்குப் பதினொரு வயது. அறிவுசார் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கியிருக்கிறோம். ஏற்காட்டில் தங்கிப் படிக்கும் சிறப்புப் பள்ளி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தோம். காலையில் பிள்ளைகள் பாத்திரம் துலக்குகிறார்கள், மதியம் தோட்டத்தில் நிற்கிறார்கள், சாயங்காலம் கூத்துக் கட்டுகிறார்கள். படிப்பு எப்போது? பாத்திரம் தேய்க்கவும் வேடம் போடவும் நான் பணம் கட்டி அனுப்ப வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

ஜூன் 17

எந்தப் பள்ளி என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. மலைமேல் இதுபோன்ற ஒரு பள்ளியில் விடுதிப் பொறுப்பையும் நாடகப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கிறவள் நான். நீங்கள் பார்த்தது எனக்கு அன்றாடம்.

பாத்திரத்திலிருந்து தொடங்குகிறேன். பிள்ளைகள் துலக்கும்போது பெரியவர்களும் கூடவே குந்தித் துலக்கினார்களா, அல்லது ஆயா நாற்காலியில் உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருந்தாரா? முதலாவது என்றால் தயங்காமல் சேருங்கள். இரண்டாவது என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரே தொட்டி, ஒரே சாம்பல், ஒரே வேலை. யார் சேர்ந்து செய்கிறார்கள் என்பதில்தான் பள்ளிக்கும் கொத்தடிமைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

எங்களிடம் ஒரு பெண் இருக்கிறாள். சிலேட்டில் ஏழுக்கு மேல் எண்ணிக்கை போகாது. எட்டு என்றதும் ஜன்னலைப் பார்ப்பாள். அதே பெண் இரவுப் பந்திக்குத் தட்டு வைக்கிறாள். ஒவ்வொரு தட்டையும் கீழே வைக்கும்போது அது யாருடையதோ அவர் பெயரை உதட்டுக்குள் சொல்லிக்கொள்வாள். கடைசியில் கையில் தட்டு மிஞ்சினால் "வாட்ச்மேன் தாத்தா ஊருக்குப் போயிட்டார்" என்பதுபோல ஒரு சைகை காட்டித் தட்டை அலமாரியில் வைத்துவிடுவாள். கணக்கு தெரியாதவள் என்று அவளுடைய அறிக்கையில் எழுதியிருக்கிறது. எழுதியவர் அவளோடு பந்தியில் உட்கார்ந்ததில்லை.

ஜூன் 17, இரவு

கேள்வியின் பாதி நாடகத்தைப் பற்றியது, அதைத் தொடவே இல்லையே என்கிறார் ஆத்தூர் நண்பர். தொடுகிறேன். இப்போது மலையில் மின்சாரம் இல்லை, கைப்பேசியில் உயிரும் இல்லை.

ஜூன் 21

சிறப்புப் பள்ளி ஆண்டு விழா பார்த்திருப்பீர்கள். ஒலிப்பெட்டியில் சினிமாப் பாட்டு ஓடும். பளபளப்பு உடையில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். மேடைக்குக் கீழே ஆசிரியை குனிந்து நின்று கையை ஆட்டுவார், மேலே பிள்ளைகள் ஆட்டுவார்கள். பாட்டு யாருக்காகவும் நிற்காது. ஒரு பிள்ளை அரை நொடி தாமதித்தால் அந்தத் தாமதம் மட்டுமே எல்லார் கண்ணுக்கும் தெரியும். பிள்ளையின் குறையை இவ்வளவு துல்லியமாக வெளிச்சம் போட்டுக் காட்டும் கலை வேறு கிடையாது. நாங்களும் பல வருடம் அதைத்தான் செய்தோம்.

பிறகு கூத்துக்கு மாறினோம். நான் பெரிய ஆராய்ச்சி செய்து மாற்றவில்லை. சமையற்கட்டில் வேலை பார்க்கும் அண்ணன் ஊர்க் கூத்தில் பின்பாட்டுப் பாடுகிறவர். பருப்பு வேகும் நேரத்தில் அவர் பாட, பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள்.

தெருக்கூத்து நம் பிள்ளைகளுக்காகவே செய்ததுபோல இருக்கிறது. வேடம் சபைக்கு வரும்போது இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். உள்ளே நிற்கிறவர் தயாராகும்வரை திரை விலகாது, பாட்டும் காத்திருக்கும். திரை விலகியதும் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து "நீங்கள் யார், எந்த ஊர், இங்கே எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்கிறான். வசனம் மறந்தால் மறுபடி கேட்பான். வேண்டுமானால் பதிலையே கேள்விக்குள் வைத்து "நீங்கள் பீமராஜன்தானே?" என்பான். தலையை ஆட்டினால் போதும், அதுவே நடிப்பு. மேடைக்குக் கீழே குனிந்து நின்ற ஆசிரியை இப்போது கட்டியக்காரனாகச் சபைக்குள்ளேயே நிற்கிறார். சொல்லிக்கொடுப்பது யாருக்கும் உறுத்துவதில்லை, சிரிக்கவும் செய்கிறார்கள்.

பின்பாட்டுதான் என்னை அசரவைத்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலர் நாம் சொன்ன கடைசிச் சொற்களை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். "சாப்பிட்டாயா?" என்றால் "சாப்பிட்டாயா" என்பார்கள். வீட்டில் அதற்கு அடி விழுந்திருக்கும், பள்ளியில் திருத்தம் நடந்திருக்கும். எங்கள் பையன் ஒருவன் நாள் முழுக்க அப்படித்தான். கூத்தில் வாத்தியார் ஒரு வரி பாடினால் பின்பாட்டுக்காரர் அந்த வரியின் வாலைப் பிடித்துத் திரும்பப் பாட வேண்டும். அவனை ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். சுருதி கொஞ்சம் விலகும், வரி விலகாது. சமையல் அண்ணன் அவனைத் "தம்பி" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டுப் "பாகவதரே" என்கிறார்.

ஜூன் 22

"திருப்பிச் சொல்வதே தகுதி என்றால் என் மேலதிகாரிக்குக் கீழே வேலை பார்க்கும் அத்தனை பேரும் பாகவதர்கள்தான்" என்று எழுதியிருக்கிறார் அம்மாபேட்டைக்காரர். சங்கம் வையுங்கள் ஐயா, சுருதிப்பெட்டி அனுப்புகிறேன்.

ஜூலை 2

மேட்டூர் வாசகர் ஒருவர், நாடகம் ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று எங்கோ படித்ததாக எழுதியிருக்கிறார். குணப்படுத்தாது. ஆட்டிசம் காய்ச்சல் அல்ல, இறங்குவதற்கு. நாடகத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை அதிகம் பேசலாம், பேசாமலும் போகலாம். குணமாகும் என்று சொல்லிக் கட்டணம் கேட்கிறவர்கள் சேலத்திலும் இருக்கிறார்கள், உஷார்.

குணத்தை விடுங்கள், கேடு வராமல் பார்த்துக்கொள்ளவே நிறையத் தெரிந்திருக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிமானம் தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம் கூடாது, தலையைச் சுழற்றும் அடவு கூடாது, கனமான கிரீடம் கூடவே கூடாது. முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கூத்தில் புஜக்கட்டையும் கிரீடமும் மரத்தில் செய்வார்கள். நாங்கள் அட்டையிலும் வண்ணத்தாளிலும் செய்கிறோம். வலிப்பு உள்ள பிள்ளைகளுக்குத் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும், ஆகவே விடிய விடியக் கூத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் கூத்து மாலை ஐந்துக்குத் தொடங்கி இரவு மாத்திரை வேளைக்கு முன் முடிந்துவிடும். மின்னி மின்னி அணையும் விளக்கு வேண்டாம். தாளத்தின் உலோகச் சத்தம் சிலருக்குக் காதில் ஊசி குத்துவதுபோல, அதனால் ஒரு பக்கத்தில் துணி ஒட்டியிருக்கிறோம். சத்தம் மந்தம்தான். சமையல் அண்ணனுக்கு அதில் இன்றும் வருத்தம்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் எப்படி ஆடுவார்கள் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். கூத்தில் நின்ற இடத்தில் சுற்றிச் சுழலும் ஓர் ஆட்டம் உண்டு. சக்கர நாற்காலியில் அதைச் சுற்றிப் பாருங்கள். காலால் ஆடுகிறவர்கள் எல்லாம் பொறாமைப்பட்டார்கள். இரண்டு பேர் வரிசையில் நின்று நாற்காலியைக் கடன் கேட்டார்கள். சொந்தக்காரன் தரவில்லை.

ஜூலை 9

"மேலை நாட்டில் இதெல்லாம் எப்போதோ வந்துவிட்டது" என்கிறது இன்னொரு கடிதம். வந்ததுதான். கார்ல் கோனிக் என்ற குழந்தை மருத்துவர் வியன்னாவில் பிறந்தவர், நாஜிகளிடமிருந்து தப்பி ஸ்காட்லாந்துக்குப் போனவர். 1940-இல் அபர்தீன் அருகே அவரும் கூட வந்த அகதிகளும் தொடங்கியது கேம்ப்ஹில். ஊழியர்களும் குறைபாடு உள்ள பிள்ளைகளும் ஒரே வீட்டில், ஒரே மேசையில். பண்டிகைக்குப் பண்டிகை நாடகம் போடுவது அங்கே ஆண்டின் ஒழுங்கு. ஜான் வானியே 1964-இல் பிரான்சில் தொடங்கிய லார்ஷ் இன்னொன்று. அதன் இந்தியக் கிளை 1970-இல் பெங்களூரில் ஆஷா நிகேதன் என்ற பெயரில் வந்தது.

இதைச் சொன்னால் வானியேயின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் இறந்த பிறகு, 2020-இல், லார்ஷ் அமைப்பே நடத்திய விசாரணை அவர் ஆறு பெண்களிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியதை வெளியே சொன்னது. அந்தப் பெண்கள் குறைபாடு உள்ளவர்கள் அல்லர். இருந்தாலும் அதைப் படித்த அன்று நான் முதலில் நினைத்தது எங்கள் வேடம் கட்டும் அறையைத்தான். பிள்ளைக்கு உடை மாற்றும்போது பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், பெண் பிள்ளைகளுக்குப் பெண்கள் மட்டும், கதவு தாழிடக் கூடாது, திரை மட்டும் போதும். விருந்தாளி எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அந்த அறைக்கு வரக் கூடாது. ஓமலூர் அம்மா, நீங்கள் பார்த்த பள்ளியில் படிப்பு எப்போது என்று கேட்டீர்கள். உடை மாற்றும் அறையில் யார் இருப்பார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்ல யோசித்தால் கிளம்பிவிடுங்கள்.

கூடிவாழ்தல் என்ற பேச்சில் எனக்கு இன்னொரு உறுத்தல் உண்டு. நாங்கள் அதைக் கேம்ப்ஹில் அளவுக்குச் செய்யவில்லை. எனக்குச் சம்பளம் உண்டு, விடுப்பு உண்டு, அஸ்தம்பட்டியில் வீடு உண்டு. பிள்ளைகளுக்கு விடுமுறையில்தான் வீடு. ஒரே தொட்டியில் துலக்கினாலும் ஞாயிற்றுக்கிழமை நான் மலை இறங்கிவிடுகிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 10

இடையில் எழுதவில்லை. ஆடி மாதம், மலையிலும் கீழேயும் திருவிழா.

குகை வண்டி வேடிக்கைக்குப் பெரிய பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சேலத்தில் குகை என்ற பகுதியின் மாரியம்மன் ஆடித் திருவிழாவில் ஆட்கள் சாமி வேடம் கட்டி, அலங்கரித்த வண்டிகளில் புராணக் காட்சிகளாக ஊர்வலம் வருவார்கள். தறி ஓட்டுகிறவர், வெள்ளிப் பட்டறைக்காரர், கடைக்காரர் எல்லாரும் அன்று தேவர்கள். பயிற்சி பெற்ற நடிகர் யாரும் தேவையில்லை. வண்டி வரும், நாம் நின்று பார்ப்போம்.

இந்த ஊருக்கு வேடம் ஒன்றும் புதிதல்ல. ஏற்காட்டுச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய நிறுவனம், நூற்றுக்கும் மேற்பட்ட படம் எடுத்தார்கள். எங்கள் பஸ் அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் ஓட்டுநர் ஒலிப்பானை ஒரு முறை அடிப்பார். காரணம் கேட்டால் மரியாதை என்பார்.

கூட்டம் தாங்காமல் மூன்று பிள்ளைகள் சீக்கிரமே பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார்கள். மற்றவர்கள் ஊர் வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்று. எங்களுக்கு வண்டி வேண்டும்.

வண்டி என்றால் கதை தானாகவே வருகிறது. பீமன் பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகும் வண்டி. ஏகசக்கரபுரியில் வீட்டுக்கு ஒரு நாள் முறை, முறை வந்த வீடு வண்டி நிறையச் சோறும் ஓர் ஆளும் அனுப்ப வேண்டும். பாண்டவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கு முறை வந்தபோது குந்தி பீமனை அனுப்புகிறாள். அவன் போகும் வழியிலேயே சோற்றைத் தின்றுவிடுகிறான். திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பீமன் நிஜமாகவே வண்டியில் ஊரைச் சுற்றிச் சோறு வாங்கும் வழக்கம் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்குச் சோறும் தெரியும், முறையும் தெரியும். அரசியல் சூழ்ச்சி, சாபம், சூதாட்டம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 4

ஒத்திகைக்கு நிஜ இட்லி கொடுத்தோம். பெரும் பிழை என்று சமையல் அண்ணன் முன்பே சொன்னார், நான் கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று. பீமன் மகாபாரதத்துக்கு உண்மையாக நடந்துகொண்டான். பகாசுரன் சபைக்கு வந்து சேர்ந்தபோது வண்டியில் வாழை இலை மட்டும் கிடந்தது. அரக்கன் திரைக்குள் திரும்பிப் போய் அழுதான். திரை பிடிக்கும் இரு பெண்களும் திரையை விட்டுவிட்டு அரக்கனுக்குக் கண் துடைத்தார்கள்.

அன்றுதான் காட்சி எப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்கே புரிந்தது. இப்போது பகாசுரன் கொல்லப்படுவதில்லை. பீமன் கடைசி இட்லியை வைத்துக்கொண்டு நிற்பான், கட்டியக்காரன் "இன்றைக்கு யார் முறை?" என்று சபையைக் கேட்பான். சபை பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் பகாசுரன் என்கிறார்கள், ஒரு நாள் பீமனே தின்னட்டும் என்கிறார்கள். ஒரு நாள் தட்டு வைக்கும் பெண் எழுந்து வந்து இட்லியை எடுத்து வாட்ச்மேன் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

வியாசர் மன்னிப்பார். குகைக்காரர் ஒருவர் மன்னிக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறார், இதிகாசத்தை மாற்ற நீ யார் என்கிறார். கூத்து வாத்தியார்கள் ஊருக்கு ஊர் கட்டியக்காரன் வாயால் என்னவெல்லாம் பேச வைக்கிறார்கள் என்று அவர் ஓர் இரவு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அக்டோபர் 12

அரிதாரம் பற்றி. பகாசுரனாக வருகிறவனுக்கு முகத்தில் எதுவும் பட்டால் ஆகாது. பவுடர்கூடப் போடவிட மாட்டான். முகச்சாயம் தொட்ட விரல் இரண்டடி தூரத்தில் வந்தாலே கையால் முகத்தை மூடிக்கொள்வான். போன வருடம்வரை இப்படிப்பட்ட பிள்ளையைப் பழக்கிவிட வேண்டும் என்று வாதாடியவள் நான். தினமும் கொஞ்சம், கன்னத்தில் ஒரு பொட்டு என்று. இப்போது அந்த வாதம் எனக்குச் சலித்துவிட்டது. பழக்குவது யாருக்காக?

சிவப்புக் குழம்பைத் தட்டில் வைத்து அவன் முன்னால் நகர்த்தினேன். நெடுநேரம் பார்த்தான். இடது கையை முழுதாக அதில் அமுக்கி எடுத்தான். விரல் இடுக்கெல்லாம் சிவப்பு. அதை உயர்த்திக் காட்டினான், எல்லாரும் இரண்டடி பின்வாங்கினோம். பகாசுரன் முகத்தில் சாயம் இல்லாமல், ஒரு கையை மட்டும் தூக்கிக்கொண்டு திரையிலிருந்து வரட்டும். முதலில் கை, பிறகு ஆள்.

நவம்பர் 20

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம். சேலத்தில் ஓர் அரங்கில் எங்களை ஆடச் சொல்லியிருக்கிறார்கள். யார் நடத்துகிறார்கள் என்று எழுதப்போவதில்லை. நிகழ்ச்சி நிரல் வந்தது. சிறப்பு விருந்தினர் உரை, பொன்னாடை, நலத்திட்ட உதவி, மீண்டும் உரை, கடைசியில் "குழந்தைகளின் கலைநிகழ்ச்சி, ஐந்து நிமிடம்".

ஐந்து நிமிடத்தில் எங்கள் பீமன் வண்டியில் ஏறவே மாட்டான்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு கலையிலும் கேளிக்கையிலும் பங்கெடுப்பதை உரிமையாகச் சொல்கிறது. விருந்தினர் வரத் தாமதமானால் இடத்தை நிரப்ப அழைக்கும் சலுகையாக அல்ல. அந்தப் பிரிவைப் பிரதி எடுத்துக் கடிதத்தோடு அனுப்பினேன். நாற்பது நிமிடம் வேண்டும், முதலில் ஆட வேண்டும், அரங்கம் முழு இருட்டாகக் கூடாது, நடுவில் எழுந்து நடக்கும் பிள்ளையை யாரும் உட்கார வைக்கக் கூடாது, ஒலிபெருக்கி வேண்டாம். இல்லை என்றால் வரமாட்டோம். தலைமையாசிரியை கையெழுத்துப் போடும் முன் என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், போட்டார்.

நவம்பர் 23

இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். முதலில் ஆடலாம். பொன்னாடை எங்களுக்கும் உண்டாம். அது திரைக்கு உதவும்.

டிசம்பர் 5

போய் ஆடிவிட்டு வந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் அர்ஜுனன் இரண்டு முறை வாந்தி எடுத்தான், அதனால் அன்றைய அர்ஜுனன் பஸ்ஸிலேயே தூங்கினான். கதைக்கு அவன் அவ்வளவு அவசியமும் இல்லை.

எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள். நடுத்தரம். ஒலிபெருக்கி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தும் யாரோ அன்போடு பொருத்திவிட்டார்கள், அது கூவியதும் பாகவதர் காதைப் பொத்திக்கொண்டு வெளியேறினார், நல்ல பாதிப் பாட்டு போயிற்று. பகாசுரன் கை திரைக்கு மேலே எழுந்தபோது முன்வரிசைக் குழந்தை ஒன்று அலறியது. அவனுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை, திரைக்குள் போய் மறுபடி எழுந்தான். "இன்றைக்கு யார் முறை?" என்று கேட்டபோது சபை வாயைத் திறக்கவில்லை. பெரியவர்களுக்குக் கூச்சம். கட்டியக்காரன் மூன்றாம் முறை கேட்டதும் பின்வரிசையிலிருந்து ஒரு பஸ் நடத்துநர் சீருடையில் இருந்தவர், "எனக்குத்தான், காலையிலிருந்து சாப்பிடவில்லை" என்றார். பீமன் இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். நிஜ இட்லிதான். அவர் தின்றார்.

விருந்தினர் தம் உரையில் "இந்தத் தெய்வக் குழந்தைகள்" என்றார். பகாசுரன் தெய்வமா என்று சமையல் அண்ணன் என் காதில் கேட்டார்.

டிசம்பர் 7

பதினெட்டு முடிந்தால் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று ஓமலூர் அம்மா மறுபடி எழுதியிருக்கிறார். இதற்கு நாடகத்தில் பதில் இல்லை. சட்டப்படி இலவசக் கல்வி ஆறிலிருந்து பதினெட்டு வயதுவரை. பிறகு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம், கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்புத் தொகை மாதாமாதம் உண்டு. தொகை வரும், தோழர்கள் வரமாட்டார்கள். எங்கள் பழைய பீமன் ஒருவன் ஊரில் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான் என்று அவன் அப்பா சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவனைப் பயிற்சியாளனாகத் திரும்ப அழைக்க நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன், சம்பளத்தோடு. சம்பளம் என்ற சொல்லில் கோப்பு நின்றுகொண்டிருக்கிறது.

டிசம்பர் 9

ஓமலூர் அம்மா முடிவெடுத்துவிட்டார். விடுதி வேண்டாம், வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் சேலத்திலேயே ஒரு பகல் பள்ளி. சரியான முடிவு. அம்மாவோடு இருக்க முடிகிற பிள்ளை அம்மாவோடு இருக்கட்டும், நான் மலைக்கு ஆள் பிடிக்க இதையெல்லாம் எழுதவில்லை.

தெருப் பிள்ளைகளைச் சேர்த்து வீட்டு முன்னால் கூத்துக் கட்ட என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். திரைக்குப் பழைய வேட்டி போதும், சேலை வழுக்கும். திரை பிடிக்க இரண்டு பேர், ஒருவர் உங்கள் மகளாக இருக்கட்டும், வேடத்துக்கு அவசரமில்லை. காட்சிகளைப் படமாக வரைந்து வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள், முடிந்த காட்சியை அவளே கிழித்து எடுக்கட்டும். சாயத்தை முதலில் முன்கையில் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், தடிப்பு வந்தால் வேண்டாம். கலைக்கத் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்த பிறகுதான் சோப்பு, முதலிலேயே சோப்புப் போட்டால் எரியும். கட்டியக்காரனாக எதிர்வீட்டு வாயாடி யாராவது இருந்தால் பிடித்துப் போடுங்கள். ஓமலூரில் அதற்குப் பஞ்சமிருக்காது.